கேட்பது ஓரடிச் சுவர்

எங்கள் குடியிருப்பு உரிமையாளர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "கட்டடம் பழையது என்பதால் எந்த ஃப்ளாட்டிலும் எந்தச் சுவரையும் இடிக்கக் கூடாது" என்ற உங்கள் அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். வேலை நடப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான் என்பதால், யாருக்கு எழுதியது என்று புரிந்தது. கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

1980களில் சென்னையில் கட்டிய வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்ரூம் கதவு இரண்டடி. இடுப்பு அறுவைக்குப் பிறகு அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். நாற்காலி வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து நான் பின்னால் நடந்தபடி இழுக்க, என் மனைவி பின்னாலிருந்து தாங்க, அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே கொண்டுபோகிறோம். ராத்திரியில் எங்களை எழுப்பக் கூச்சப்பட்டு, பொழுது சாய்ந்தால் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. டாக்டர் திட்டியும் கேட்பதில்லை.

அந்தக் கதவை மூன்றடியாக்க அனுமதி கேட்கிறேன். சக்கர நாற்காலிக்கு 900 மி.மீ. வாசல் வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அது நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர். மாடியின் பாரம் ஒன்பது இஞ்ச் சுவர்களில்தான் இறங்குகிறது, வாசலுக்கு மேல் புது லின்டல் (பாரம் தாங்கும் குறுக்கு விட்டம்) வைத்துவிட்டு அகலப்படுத்தலாம் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த கடிதம் உங்களிடம் இருக்கிறது. சமையலறையின் ஒன்பது இஞ்ச் சுவரைத் தொடாதே என்றார், தொடவில்லை. அதனால்தான் ஃப்ரிட்ஜ் ஹாலில் நிற்கிறது. லாஃப்ட் இடிக்கிறது என்று புது பீரோவையும் குள்ளமாகவே செய்யச் சொன்னேன்.

கட்டடத்தின் மேல் உங்களுக்குள்ள அக்கறை புல்லரிக்க வைக்கிறது. மொட்டைமாடியில் செல்போன் கோபுரம் ஏற்றக் கையெழுத்துப் போட்டபோது கட்டடத்துக்கு இளமையாக இருந்தது போலும். தரைத்தளத்தில் முன்பக்கச் சுவரையே உடைத்து ஷட்டர் போட்டார்களே, அப்போது நோட்டீஸ் போர்டு பழுதாகியிருந்ததா? பராமரிப்புக் கட்டணம் ஏறுகிறது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது... சரி, அதை ஆண்டுக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

லிஃப்ட் கேட்கவில்லை, வைக்க இடமில்லை என்று எனக்கும் தெரியும். கேட்பது ஓரடிச் சுவர். பகலில் மட்டும் தட்டுகிறோம், இடிபாட்டை அன்றன்றே அப்புறப்படுத்துகிறோம், கீழ் வீட்டில் நீர் கசிந்தால் என் செலவு. சந்தேகம் இருந்தால் உங்களுக்கு நம்பிக்கையான பொறியாளரை அழைத்து வாருங்கள், அவர் கட்டணத்தையும் நானே தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுத்து, அனுமதியை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் மாடி உறுப்பினர்