நாலாம் நம்பர் பெட்டி

டேய் மச்சான்,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க காவேரிப்பட்டணத்துல மாங்கா சீசன், ரோட்டுல நடந்தாலே வாசனை தூக்குது. பசங்களுக்கு ஏஐ எப்படிடா சொல்லித் தர்றேன்னு கேட்டியே, போன்ல சொன்னா சரிப்படாதுன்னு எழுதுறேன்.

மொதல்ல கம்ப்யூட்டரையே தொட விடல. 8 தீப்பெட்டி, ரெண்டுல இருந்து ஒம்போது வரைக்கும் நம்பர் போட்டோம். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு புளியங்கொட்டை, ரெண்டு மொச்சைக்கொட்டை. மேசை மேல 10 குச்சி, ஆளுக்கு ஒண்ணோ ரெண்டோ எடுக்கணும், கடைசி குச்சி யாருக்கு வருதோ அவன் தோத்தான். மொதல்ல பையன் எடுப்பான், அப்புறம் எதிராளியா பெட்டியோட முறை: மீதி எத்தனை குச்சியோ அந்த நம்பர் பெட்டியைக் குலுக்கி கண்ண மூடிக்கிட்டு ஒரு கொட்டை எடுக்கணும், புளி வந்தா ஒண்ணு, மொச்சை வந்தா ரெண்டு. பெட்டி தோத்துச்சுன்னா கடைசியா வந்த கொட்டையைத் தூக்கி வெளிய போட்டுடணும், அவ்ளோதான்.

மொத நாள் பெட்டி தோத்துக்கிட்டே இருந்துச்சு, பசங்களுக்கு ஒரே கும்மாளம். மூணாம் நாள் நாலாம் நம்பர் பெட்டி காலி. ஏதோ தப்பா ஆடிட்டோம்னு நெனச்சாங்க. வாயே தொறக்காத ஒரு பொண்ணு எழுந்து வந்து நாலு குச்சியை வச்சு இப்படியும் அப்படியும் எடுத்துப் பாத்துட்டு, "சார், நாலு நம்மகிட்ட வந்தாலே தோல்விதான், அப்போ நாலை அடுத்தவங்க தலையில கட்டணும்"னு சொல்லுச்சு பாரு, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு மச்சான். எதிராளி நமக்கு மோசமானதையே ஆடுவான்னு வச்சுக்கிட்டு நம்ம ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிற மினிமேக்ஸ் முறைன்னு போர்டுல எழுதி ஒரு மணி நேரம் கத்தியிருந்தாலும் இது வந்திருக்காது. காலிப் பெட்டி வந்தா தோத்ததா ஒத்துக்கிட்டு அதுக்கு முந்தின கொட்டையைத் தூக்கணும்னு ரூலும் அவங்களே போட்டாங்க. 1961ல டொனால்ட் மிக்கின்னு ஒருத்தர் 304 தீப்பெட்டிய வச்சு டிக் டாக் டோ கத்துக்க வச்சாருன்னு அப்புறம்தான் சொன்னேன்.

இப்போ கம்ப்யூட்டர்ல பைத்தான் மொழில ஆடுபுலி ஆட்டம் எழுதுறாங்க, 3 புலி, 15 ஆடு. ஆட்டை வெட்டினா பாயின்ட்னு மட்டும் எழுதியிருந்தாங்க, புலி ஆட்டைக் கண்டதும் பாஞ்சு பாஞ்சு வெட்டிட்டு கடைசில மூலைல நகர முடியாம மாட்டிக்கிச்சு. நகர எத்தனை வழி மிச்சம் இருக்கோ அதுக்கும் பாயின்ட் தரணுமா, எவ்வளவுன்னு ரெண்டு நாளா சண்டை, லேப் பூட்டுற நேரம் ஆனாலும் எந்திரிக்க மாட்டேங்குறாங்க.

ஒரு பையனோட தாத்தா கோயில் கல்லுல ஆடியே பழகினவரு, வர்ற சனிக்கிழமை எங்க புலியோட ஆட வர்றாரு. நீயும் பெங்களூர்ல இருந்து கெளம்பி வா, மாங்கா எடுத்து வச்சிருக்கேன்.