காற்றும் கடற்சூடும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள சிவம்,

உன் கடிதம் கிடைத்தது. நோர்வேயின் வடக்கிலுள்ள உன் துரொம்சோ துறைமுகம் நடுமாரியிலும் உறைவதில்லை என்று எழுதியிருந்தாய். வடதுருவக் கடற்பனி 2012இல் தொட்ட மிகக் குறைந்த பரப்பைவிடக் கீழே இன்னும் இறங்கவில்லையே, ஆபத்து நீங்கிவிட்டதா என்றும் கேட்டிருந்தாய். நீங்கவில்லை என்பதே என் எண்ணம்.

கச்சான் வீசும் நாட்களில் வாவியிலுள்ள ஆற்றுவாழை முழுவதும் எங்கள் கரையில் வந்து அடைய, மறுகரை வெறும் நீராகத் தெரிவதைக் கல்லடிப் பாலத்தில் நின்று எத்தனை முறை பார்த்திருப்போம்! அதைக் கண்டு ஆற்றுவாழை அழிந்துவிட்டது என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் மாரிமழைக்கு முகத்துவாரம் திறந்ததும் வெள்ளத்தோடு கடலுக்குப் போனது திரும்பி வராது. கடற்பனியும் அவ்வாறே. காற்று அதைக் கிரீன்லாந்து, கனடாக் கரைகளை நோக்கி நெருக்கினால் பரப்புச் சுருங்கித் தடிப்புக் கூடும். கிரீன்லாந்துக்கும் சுவால்பாட் தீவுகளுக்கும் இடையிலுள்ள பிராம் நீரிணையூடாக வெளியே தள்ளினால், அத்திலாந்திக்கில் உருகிப் போகும். அந்த நீரிணைக்குப் பெயர் தந்த பிராம் கப்பலை 1893இல் வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பனியோடு மிதக்கவிட்டு, இந்த ஓட்டத்தை நிரூபித்தவர் நோர்வே ஆய்வுப் பயணி நான்சன். உன் நாட்டுக்காரரின் துணிவை மெச்சத்தான் வேண்டும்.

கடற்சூடு வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. உன் துறைமுகத்தை உறையவிடாத அத்திலாந்திக் நீர் மேலும் வடக்கே சென்று, உப்பு மிகுந்து கனத்திருப்பதால், குளிர்ந்த, உப்புக் குறைந்த மேல்நீருக்கு அடியில் அமிழ்ந்து ஓடுகிறது. அந்த மேல்நீர் போர்வைபோல் இடையில் கிடக்கும் வரை பனிக்குக் கேடில்லை. நோர்வேக்கு வடக்கேயுள்ள பேரன்ட்ஸ் கடலில் அந்தப் போர்வை நைந்து வருகிறது; மாரியிலும் பனி பிடிக்காத பரப்பு அங்கே பெருகியுள்ளது. போதாக்குறைக்கு, கோடையில் திறந்து கிடக்கும் கடல் வெயிலைக் குடித்துக்கொள்வதால், அந்தச் சூடு தணிந்து நீர் மைனஸ் 1.8 பாகைக்கு இறங்கும் வரை புதுப்பனியும் பிந்துகிறது.

2012 ஓகஸ்ட்டில் வடதுருவக் கடலான ஆட்டிக்கைச் சூறாவளி ஒன்று கலக்கியது. செப்டெம்பரில் பனிப்பரப்பு ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகக் குறைந்தபோது பலரும் அதன்மீதே பழி போட்டார்கள். அது வராதிருந்தாலும் அவ்வாண்டு பரப்பு சாதனையளவுக்குக் குறைந்தே இருக்கும் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணித்துக் காட்டினர். பனி முன்னரே மெலிந்திருந்தது. 1978 சூறாவளியில் எங்கள் மண்வீடு கரைந்துபோக, உங்கள் கல்வீடு ஓடுகளை மட்டும் இழந்து நின்றதை நினைத்துப் பார். (கடற்பனியைத் தொடர்ந்து அளக்க வழிசெய்த நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் விண்ணேறியிருந்தது.) 2012க்குப் பின்னான ஆண்டுகளைக் காற்றின் தயவு என்று கொள்ளலாமே தவிர, பனி தேறிவிட்டது என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டு நிலைமையை நம்பியிருக்க முடியாது என்பதற்குத் தென்துருவத்தைப் பார்: 2014இல் 2 கோடி சதுர கிலோமீற்றரைத் தாண்டி விரிந்த மாரிப்பனி, 2023இல் 1 கோடியே 70 இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

உன் அயலில் மீன்பிடிப்பவர்கள் பேரன்ட்ஸ் கடலில் முன்னரைவிட எவ்வளவு வடக்கே போய் வலை இடுகிறார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்