எங்கள் பிள்ளையை உறங்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் உறவுகளுக்கும்,

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில் இப்போது எல்லாரும் உறங்குகிறோம். பிள்ளைக்கு எட்டு மாதம். சாயங்காலம் ஏழரை வாக்கில் உறங்குகிறான், நடுராத்திரி கழிந்து ஒரு தடவை பாலுக்கு எழும்புகிறான், குடித்ததும் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறான். நாலாம் மாதத்தில் எங்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அப்போது முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை விழித்து அழுதான். பகலிலும் அப்படித்தான். இந்த மாற்றம் ஒரு மருந்தாலோ ஒரு வழியாலோ வரவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வழக்கத்தில் எதையோ ஒன்றை எங்களுக்காக மாற்றிக்கொண்டீர்கள். நேரில் பார்க்கும்போதெல்லாம் சொன்னாலும் எனக்கு மனசு நிறையவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் துணை சுகாதார நிலையத்து சிஸ்டருக்கு. மூன்றரை மாத ஊசிக்குப் புதன்கிழமை போனபோது, "சிஸ்டர், பிள்ளை உறங்கவே மாட்டேங்கான்" என்று சொல்லி அழுதுவிட்டேன். வரிசையில் அத்தனை பேர் நின்றும் அவர் அவசரப்படவில்லை. எடை பார்த்தார், அட்டையில் குறித்தார், எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறான் என்று கேட்டார். "எடை நல்லா ஏறுது மக்களே. பால் பத்தல, பவுடர் குடுன்னு யார் சொன்னாலும் கேக்காத. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும்" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தெம்பு என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ.

அதோடு விடவில்லை. வீடு வீடாக வரும் நாளில் எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து, பிள்ளை உறங்குவதைக் கூடவே இருந்து பார்த்தார். மடியில் கண் மூடிக் கிடந்தான். இமைக்குள்ளே கண் உருண்டது, உதடு பால் குடிப்பது போல அசைந்தது, கை முஷ்டியாக இறுகியிருந்தது. "இப்ப கிடத்தாத. இது மேலோட்டமான உறக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு உறக்கம் இப்படித்தான் தொடங்கும்" என்றார். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது, முஷ்டி தானாக அவிழ்ந்து விரல்கள் மலர்ந்தன, கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழுந்தது. "இப்ப கிடத்து. முதல்ல பிருஷ்டம், அப்புறம் முதுகு, கடைசியா தலை. கையை உடனே எடுத்திராத." நெஞ்சில் கை வைத்தபடி இருந்தேன். அவன் விழிக்கவில்லை.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும், மற்ற அம்மாமாருக்கு உதவும். மூன்று நாலு மாதத்தில் பிள்ளைகளின் உறக்கமே மாறுமாம். முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று முடியும்போது லேசாக விழிப்பு வரும். பெரியவர்களுக்கும் வரும், நாம் புரண்டு படுத்துவிடுவோம். பிள்ளை முனகுவான், காலை உதைப்பான், கண் மூடியே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் பாதி தடவை அவனே உறங்கிவிடுகிறான். அழுதால் எடுக்க வேண்டியதுதான். இந்த வயதில் பிள்ளையை அழவிட்டுப் பழக்க வேண்டாம் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். ராத்திரி ஒன்றிரண்டு தடவை பாலுக்கு எழும்புவதும் இயல்புதான் என்றார்.

அடுத்து என் அம்மச்சிக்கு. எங்கள் முற்றத்தில் ஜாதிக்காய் மரம் நிற்கிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுத்து வளர்த்தவர் அம்மச்சி. ஜாதிக்காயை உரைத்து நாக்கில் தடவினால் பிள்ளை சுகமாக உறங்குவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அளவு கொஞ்சம் கூடினாலும் அது பச்சைப் பிள்ளைக்கு விஷமாகலாம் என்று சிஸ்டர் எடுத்துச் சொன்னபோது, அம்மச்சி ஒரு வாக்குவாதமும் செய்யாமல் உரைகல்லைக் கழுவி மேலே வைத்துவிட்டார். அந்த வயதில், அத்தனை அனுபவத்தோடு, இளையவர் ஒருவர் சொல்லுக்கு இடம் கொடுத்த அந்த மனசுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்? சேலைத் தொட்டில் விஷயத்திலும் அப்படித்தான். அதில் பிள்ளை சுருண்டு, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடலாம் என்பதால், பகலில் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் தொட்டில், ராத்திரி என் பக்கத்தில் தனியாக விரித்த கெட்டியான சமதளப் படுக்கை என்று ஆயிற்று. தலையணை இல்லை, போர்வை இல்லை, மல்லாத்திக் கிடத்துவதுதான்.

அம்மச்சி தந்த பெரிய கொடை அவருடைய தாராட்டு. தினமும் சாயங்காலம் வெந்நீரில் உடம்பு துடைத்து, லைட்டைக் குறைத்து, ஒரே பாட்டைப் பாடுவார். சில வாரங்களில் பாட்டின் முதல் அடி கேட்டதுமே அவன் கண்ணைத் தேய்க்கத் தொடங்கினான்.

மாமிக்கு. விடிந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் நடப்பார். காலை வெளிச்சம் பட்டால் உடம்புக்குப் பகல் எது, ராத்திரி எது என்று பழகும் என்பதற்காகத் தொடங்கியது. அந்த ஒரு மணி நேரம்தான் நான் முழுசாக உறங்கிய நேரம். பிள்ளை கண்ணைத் தேய்ப்பதையும், காதைப் பிடித்து இழுப்பதையும், முகத்தைத் திருப்புவதையும் எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவரும் மாமிதான். நாலு மாதத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தால் அவனால் தாங்க முடியவில்லை. அலுப்பு மீறிவிட்டால் உறக்கம் வருவது இன்னும் கஷ்டம். யார் வந்து கொஞ்சிக்கொண்டிருந்தாலும், "பிள்ளைக்கு உறக்கம் வருது, நாளைக்கு வாங்க" என்று மாமி தயங்காமல் சொல்வார். அப்படித் திரும்பிப் போயும் வருத்தப்படாத சொந்தங்களுக்கும் நன்றி.

என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன்னே கிளம்ப வேண்டும். கத்தி, வாளி, தலையில் கட்டும் ஹெட்லைட் எல்லாவற்றையும் முந்தின நாளே வெளிச் சாய்ப்பில் எடுத்து வைத்துவிடுவார். முற்றம் தாண்டிய பிறகுதான் ஹெட்லைட்டைப் போடுவார். பாலெடுத்து, அதை ரப்பர் ஷீட்டாக அடித்து, களைத்து வந்தாலும் மதிய உறக்கத்துக்குப் பிள்ளையைத் தன் நெஞ்சில் வைத்துத் தட்டிக்கொடுப்பது அவர்தான். அவரும் அப்படியே உறங்கிவிடாமல், பிள்ளை அயர்ந்ததும் படுக்கையில் கிடத்திவிடுவார்.

பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் வண்டியை வளைவு வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். மழைக்காலத்தில் கரண்ட் போனபோது எதிர் வீட்டு அக்கா தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து எங்கள் மின்விசிறிக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். கோயில் கொடைக் கமிட்டிக்காரர்கள் நாங்கள் கேட்காமலே ஒரு ஒலிபெருக்கிக் குழாயைத் தெற்கே திருப்பிக் கட்டினார்கள், ராத்திரி பத்து மணிக்கு வில்லுப்பாட்டின் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் காதும் தொண்டையும் பார்த்து மருந்து தேவையில்லை என்றார். காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் போனாலோ, உறக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வந்தாலோ உடனே வரச் சொன்னார்.

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சிநேகிதிக்குத் தனியாக. பிள்ளை உறங்கும்போதும் எனக்கு உறக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்த நாட்களில், "இது வெறும் அலுப்பில்ல, சிஸ்டர்ட்ட சொல்லு" என்று வற்புறுத்தி, நான் சொல்லும்வரை தினமும் போன் செய்தாள். பிள்ளையைப் பற்றி எல்லாரும் கேட்டபோது என்னைப் பற்றிக் கேட்டவள் அவள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குருசடிக்குப் பக்கத்து வீட்டில் புதுப் பிள்ளை வந்திருக்கிறது. அந்தத் தங்கச்சி ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள். எங்களுக்குச் செய்ததை அவளுக்கும் செய்யுங்கள். மதியம் என் பிள்ளை உறங்கும் நேரத்தில் அவள் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ள முடிந்தால் என்னிடமோ மாமியிடமோ சொல்லுங்கள்.

மிக்க நன்றியுடன்,
பிள்ளையின் அம்மா