செயலாளர் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ஸ்காபரோவில் இயங்கும் நமது முதியோர் சங்கத்தின் பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், மாதாந்தக் கூட்டங்கள் எல்லாம் வழமைபோல நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது புகை அலாரப் பணியைப் பற்றித்தான்.

ஒன்ராறியோ சட்டப்படி வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் வேலை செய்யும் புகை அலாரம் இருக்க வேண்டும். பேஸ்மென்றும், அதாவது நிலத்தடித் தளமும், இதில் அடக்கம். கேட்டுக்கொண்ட உறுப்பினர்களின் வீடுகளுக்குத் தொண்டர்கள் போனபோது, அலாரம் இருந்தும் பற்றரி இல்லாத வீடுகள் பலவற்றைக் கண்டார்கள். மிளகாய் வறுத்தாலும் மீன் பொரித்தாலும் அது அலறுகிறது என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அலாரத்தை வேலை செய்யாமல் ஆக்குவது சட்டப்படி குற்றம். அதைவிட, உறக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளை எழுப்ப வேறு எதுவும் இல்லை. அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள். சத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தும் பொத்தான் பல அலாரங்களில் உண்டு. அப்படியும் தொல்லை என்றால் குசினியிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுங்கள், அல்லது பெட்டியில் 'போட்டோஎலெக்ட்ரிக்' என்று போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். சமையல் புகைக்கு அது அவ்வளவாக அலறாது.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். இடையிடையே 'கீச்' என்று ஒலித்தால் பெரும்பாலும் பற்றரி தீர்கிறது என்று அர்த்தம். பின்புறத்தில் தயாரித்த திகதி இருக்கும். 10 ஆண்டு கடந்திருந்தால் பற்றரியை மாற்றிப் பயனில்லை, அலாரத்தையே மாற்ற வேண்டும். நேரடியாக மின்சாரத்தில் இணைத்தவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

நம் வயதினர் கவனிக்க வேண்டிய இன்னொன்று. சாதாரண அலாரத்தின் ஒலி மிகக் கூர்மையானது; வயது போகப் போக முதலில் கேட்காமல் போவது அந்தக் கூர்மையான ஒலிதான். காதுக் கருவியைக் கழற்றிவிட்டுப் படுப்பவர்கள் நிலை இன்னும் மோசம். 520 ஹேர்ட்ஸ் தாழ்ந்த ஒலி எழுப்பும் அலாரம், கட்டிலை அதிர வைக்கும் கருவி ஆகியவை கிடைக்கின்றன. பிள்ளைகளிடம் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பவர்களே, அங்குள்ள அலாரத்தைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. குடியிருப்பவர் பழுதைச் சொன்னால் உடனே திருத்துங்கள்.

ஏணியில் ஏற முடியாதவர்கள் செயற்குழுவிடம் பெயர் கொடுத்தால், நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்தள்ளும் வாரத்தில் தொண்டர்கள் வந்து பற்றரி மாற்றித் தருவார்கள். இவ்வாண்டு ஏணியோடு அலைந்த இளைஞர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

செயலாளர்