தையல் இயந்திர எழுத்து வேலை: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. தீர்மானங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவற்றைப் படித்து உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. இந்த ஆண்டு நம் பொறுமையைச் சோதித்தது ஓர் எழுத்து: ண.

தலையணை உறைகளில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பெயர் தைக்கத் துணிந்தோம். எழுத்தை இடைவெளியின்றி நிரப்பும் சாட்டின் தையல் நெருக்கமாக விழுந்து சுழிகளை அடைத்துவிட, மூன்று சுழி ண இரண்டு சுழி ன ஆகிப்போனது. 'கண்ணன்' என்ற பெயரில் எது எந்த ன என்று தைத்தவருக்கே தெரியவில்லை. உயரத்தை இரண்டரை சென்டிமீட்டராக்கி, சிக்ஜாக் அகலத்தை, அதாவது ஊசி இடவலமாக ஆடும் அளவை, 2 மில்லிமீட்டராகக் குறைத்த பிறகே சுழி கண் திறந்தது. மெய்யெழுத்தின் புள்ளி அதைவிடப் பிடிவாதம். ஒரே இடத்தில் ஊசி திரும்பத் திரும்ப இறங்கியதால் நூல் முடிச்சிட்டு, துணி ஊசிக்குக் கீழுள்ள தட்டின் துளைக்குள் இழுபட்டது. இப்போது நேர்த்தையலில் சிறு வட்டம் போட்டு, அதன்மேல் குறுக்காக நிரப்புகிறோம்.

எழுத்தைச் சுற்றித் துணி சுருங்குகிறது என்ற புகாருக்கு இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. துணியைப் பிடித்துவைக்கும் வளையத்தில் அதை இழுத்துக் கட்டினால், வளையத்தைக் கழற்றியதும் அது பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. மடிப்பின்றிப் படிந்திருந்தால் போதும், அடியில் தாங்குதாள் கட்டாயம். கைவேலையில் துணி வளையத்தின் மேற்புறம் இருக்கும்; இயந்திரத்தில் அடிப்புறம், தட்டோடு ஒட்டி. புதியவர்கள் எல்லோருமே இதைத் தலைகீழாக வைத்தார்கள். அடியிலிருந்து வரும் பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். துவாலைக்கு, நீரில் கரையும் மெல்லிய தாளை மேலே விரித்துத் தைத்தால் இழைகள் எழுத்தை விழுங்கா.

பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தைக்கும் மோனோகிராம் வகுப்பில் குட்டுப்பட்டது நானேதான். மூன்றெழுத்தில் நடுவெழுத்து பெரிதாக இருந்தால் அது குடும்பப் பெயருக்குரியது. மூன்றும் ஒரே அளவென்றால் பெயரின் வரிசைப்படி வரும். இதைச் சொல்லிக்கொடுத்த கையோடு, ஆறு கைக்குட்டைகளில் குடும்பப் பெயரின் எழுத்தைச் சிறிதாக்கிக் கடைசியில் தைத்துவைத்தேன். பின்பக்கம் பாபின் நூலை அறுத்து, முன்பக்கம் மேல்நூலை உருவி, ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஐந்து தப்பின. ஆறாவதில் ஊசித்துளைகள் அப்படியே இருக்கின்றன. என் மேசையில் வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்