மீனாளுக்கு, கால அட்டவணை பற்றி

சிவமயம்
காரைக்குடி

அன்பு மகள் மீனாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. ஆத்தாவும் நானும் நலம். தலைமையாசிரியர் பொறுப்பேற்ற இரண்டாம் மாதமே ‘டீச்சர்களிடம் உற்சாகம் இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் மனசில் குறை தேடுமுன் கால அட்டவணையை எடுத்துப் பார் அம்மா.

கணக்கு டீச்சர் ஒருவருக்கு வாரம் 40 பாடவேளை என்று வை. 32 வகுப்பு, 8 ஓய்வு. இரண்டு பிரிவுக்கு 80 நோட்டு. நோட்டுக்கு 2 நிமிஷம் என்றாலே 160 நிமிஷம். 40 நிமிஷப் பாடவேளை நான்கு அதிலேயே தீர்ந்தது. லீவு போட்டவர் வகுப்புக்கு மூன்று தடவை அனுப்பினால் மிச்சம் ஒன்றுதான். நோட்டுக்கட்டு வீட்டுக்குப் போகும், மறுநாள் பாடம் தயாரிப்பில்லாமல் நடக்கும். பிள்ளைகளுக்குப் புரியாத பாடத்தை நாள்தோறும் நடத்துகிறவருக்கு வேலையில் எப்படிப் பிடிப்பு வரும்? 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் வாரம் 45 மணி நேரத்தில் பாடத் தயாரிப்பும் சேர்த்திதான்.

லீவு போட்டவருக்குப் பதில் யார் போனார் என்று எழுதும் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் யாருக்கு எத்தனை என்று ஒரு கட்டம் போடு. வாரம் இரண்டுக்கு மேல் யாருக்கும் வேண்டாம். முகம் சுளிக்காதவரையே திரும்பத் திரும்ப அனுப்புவது பெரிய தப்பு. நல்ல ஆசிரியர்தான் அதில் முதலில் சோர்ந்துபோவார். முன்கூட்டிச் சொன்ன லீவுக்கு முதல்நாள் மாலையே பெயர் எழுதிவிடு. ஆள் போதாவிட்டால் நீயே வகுப்புக்குப் போ.

சம்பளம் தேதி தவறக்கூடாது. பெண்கள் கழிவறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும், ஆசிரியர் அறையில் ஓடுகிற ஃபேனும் இருக்கட்டும். இவை மனக்குறையைத் தீர்க்கும். ஆர்வத்தைக் கொண்டுவர இவை மட்டும் போதாது. 1959-ல் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் விசாரித்துச் சொன்னது இதுவே. செய்த வேலை பலித்ததும், அதை ஒருவர் கவனித்துச் சொன்னதும்தான் ஆளை எழுப்பும்.

ஆகவே வகுப்பைப் பார்க்கப் போனால் கடைசி பெஞ்சில் 40 நிமிஷமும் உட்கார். ஐந்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுக் குறை எழுதுவது அநியாயம். அன்று மாலையே தனியாகக் கூப்பிட்டு, ‘பின்னத்தை முறுக்கை உடைத்துக் காட்டினீர்களே, மூன்றாவது வரிசைப் பையனுக்கு அப்போதுதான் பிடிபட்டது’ என்று கண்டதைச் சொல். ‘நல்லா இருந்தது’ என்பதில் ஒன்றுமில்லை. திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று சொல். பிள்ளைகள் எதிரிலோ காலைக் கூட்டத்திலோ ஒருபோதும் வேண்டாம். பாடக்குறிப்பில் வெறும் கையெழுத்துப் போடாமல் ஒரு வரி எழுது.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வரும்போது கால அட்டவணையையும் சப்ஸ்டிட்யூஷன் நோட்டையும் கையோடு கொண்டுவா. உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பச்சி