இன்னும் எத்தனை நாள், மிஸ்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு அட்டவணையும் விடுமுறைத் தேதிகளும் வகுப்பாசிரியர்கள் மூலம் ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டன, அதனால் இந்தக் கடிதத்தில் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. அட்வென்ட் என்றால்தான் சிலருக்குச் சட்டென்று பிடிபடும், கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் வாரங்கள். திங்கள் காலைக் கூடுகையில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அப்புறம் நான் வராந்தாவில் நடந்தாலும் சரி, மாடிப்படியில் நின்றாலும் சரி, ஒரே கேள்விதான்: "இன்னும் எத்தனை நாள், மிஸ்?"

இது பழைய கேள்வி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற போதகரை அங்கிருந்த பிள்ளைகள் இதே கேள்வியால் துளைத்து எடுத்தார்களாம். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளும் அதன்மேல் நிறுத்தி, தினம் ஒன்றாக ஏற்ற வைத்தார். நாம் கூடுகையில் வைக்கும் மெழுகுவர்த்தி வளையத்தில் அந்தப் பெரிய நான்கு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆசிரியராக எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைதான், "சும்மா இரு, வரும்போது வரும்" என்று அடக்காமல் கேள்வியையே கணக்குப் பாடமாக்கிவிட்டாரே!

கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் என்பதுதான் விதி. ஆகவே தொடக்கம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் எங்காவது விழும், மொத்தம் 22 நாளும் வரலாம், 28 நாளும் வரலாம். தினம் ஒரு ஜன்னல் திறக்கும் அட்டைக் காலண்டரில் மட்டும் எப்போதும் டிசம்பர் 1 முதல் 24 வரை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "அப்போ காலண்டர் தப்பா மிஸ்?" என்றான். தப்பில்லைடா, எல்லா வருஷமும் ஒரே அட்டையை விற்க வசதி என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் இதே சமயத்தில் எனக்குத் தொண்டை கட்டி, ஆறு நாள் குரலே வரவில்லை. கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார மனம் வராமல் ஒரு சிலேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். மூன்றாம் நாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். வேறு நாளாக இருந்தால் "என்ன, வகுப்பு இல்லையா? மிஸ்கிட்ட கேட்டுட்டு வந்தியா?" என்று மூச்சுவிடாமல் கேட்டு அவளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு என்னிடம் கேட்கக் குரல் இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக அவள் நிற்கிறாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வகுப்பு மாறும் மணிகூட அடித்து ஓய்ந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னாள்: "பாட்டிக்கு என் பேர் மறந்துபோச்சு." அவ்வளவுதான். சிலேட்டில் "நாளைக்கும் வா" என்று எழுதிக் காட்டினேன். வந்தாள். மறுநாளும் வந்தாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு பைபிளில் வரும் சகரியாவின் நினைப்பு. லூக்கா தன் சுவிசேஷத்தில் இயேசுவின் பிறப்புக்கு முன்னால் இந்தக் கிழவரைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆலயத்தில் தூபம் காட்டப் போன ஆசாரியர்; பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னதும் "இதை எதனால் அறிவேன்?" என்று கேட்டார், வாய் கட்டப்பட்டது. வெளியே ஜனங்கள் காத்திருக்கிறார்கள், இவரால் சைகை மட்டும்தான் காட்ட முடிகிறது. பிரசங்கங்களில் இதைத் தண்டனையாகவே கேட்டு வளர்ந்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசுவதே தொழிலாக இருந்தவருக்கு, பிள்ளை பிறந்து எட்டாம் நாள்வரை ஒரு வார்த்தை கிடையாது. அதற்கிடையில் இயேசுவின் தாயாகப்போகும் மரியாள் வந்து இவர் மனைவி எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறாள். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் பேசுவதை இவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். லூக்கா இதை எழுதவில்லை, இது என் ஊகம். கடைசியில் எழுத்துப்பலகை கேட்டு வாங்கி அவர் எழுதிய முதல் காரியம் பிள்ளையின் பெயர்தான்: இவன் பேர் யோவான்.

இந்த நான்கு வாரமும் உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். பிள்ளை பள்ளி முடிந்து வந்ததும் ஐந்து நிமிஷம், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புத்தி சொல்லாமல், மார்க் கேட்காமல் பக்கத்தில் இருங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். சொல்வது சுலபம் என்று தெரியும். என் வீட்டிலேயே முதல் தடவை முயன்றபோது, "நீ உக்காந்திருக்கிறது அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கும்மா" என்றான் என் மகன்.

அந்த யோவான் வளர்ந்து ஆற்றங்கரையில் பிரசங்கம் செய்தபோது ஜனங்கள் அவரிடம் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு என்கிறார். வரி வசூலிப்பவரிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார், போர்ச்சேவகரிடம் யாரையும் மிரட்டாதே, உன் சம்பளம் போதும் என்று இரு என்கிறார். யாரையும் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் அதே மேஜைக்குப் போய் ஒழுங்காக வேலை பார் என்பது எனக்குப் பல பிரசங்கங்களைவிடக் கடினமாகத்தான் இருக்கிறது.

இதை ஒட்டித்தான் நுழைவாயில் பக்கம் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பிள்ளை இப்போதும் போட்டுக்கொள்கிற உடுப்பு ஒன்று, எது என்று அவனோ அவளோ தேர்ந்தெடுக்கட்டும். சிறிதாகிப்போனதையும் கிழிந்ததையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அதற்குப் பெயர் அலமாரி சுத்தம். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று எழுதி வைக்க மாட்டோம்.

வேறு நம்பிக்கை உள்ள குடும்பங்களுக்கு: கூடுகையில் உங்கள் பிள்ளை ஜெபம் சொல்ல வேண்டியதில்லை, அமைதியாக நின்றால் போதும். அதுவும் வேண்டாமென்றால் நூலகத்தில் உட்காரலாம், ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இந்த ஆண்டு வீட்டில் ஒருவரை இழந்தவர்களும் உங்களில் உண்டு. வளையத்தில் மூன்று மெழுகுவர்த்திகள் ஊதா, மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது மட்டும் ரோஜா நிறம். ரோஜா நிறம் மகிழ்ச்சிக்கு. ஊதா மனந்திரும்புதலுக்கும் காத்திருப்புக்கும் உரிய நிறம், கொண்டாட்டத்துக்கு அல்ல. அதனால் டிசம்பர் பிறந்துவிட்டதே என்று உங்கள் பிள்ளை சிரித்த முகத்தோடு வந்தாக வேண்டும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆசிரியர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

முதல் மெழுகுவர்த்தியைத் திங்கள்கிழமை ஏற்றுவது நான்காம் வகுப்பு. பெற்றோர் வரலாம், பின் வரிசையில் இடம் இருக்கிறது. போன வருஷம் ஏற்ற வந்த பிள்ளையின் தீக்குச்சி மூன்று முறை அணைந்துபோய், கூடமே நெளிய ஆரம்பித்தது, நான் எழுந்து போய்ப் பிடுங்காத குறையாக வாங்கி ஏற்றிவிட்டேன். அவன் முகம் போன போக்கை வகுப்பாசிரியர் பிறகு என்னிடம் சொன்னார். இந்த முறை எத்தனை குச்சி அணைந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், பின் வரிசையில் இருப்பவர்களும் உட்கார்ந்தே இருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்